மழைக்காலக் கேக்குக்கு எந்த ஓவன்? அதற்கு முன் பார்க்க வேண்டிய ஸ்விட்ச் போர்டு

ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டில் கேக் பேச்சு தொடங்கிவிடும். பிளம் கேக் செய்கிற வீடுகளில் திராட்சை, பேரீச்சை, செர்ரி எல்லாம் ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ அதற்குள் ஊற ஆரம்பித்திருக்கும். கூடவே வருஷா வருஷம் ஒரு கேள்வியும் வரும்: இந்தத் தடவை ஓர் ஓவன் வாங்கிவிடலாமா? கடைக்குப் போனால் 'எல்லாம் இதிலேயே முடிந்துவிடும்' என்று கன்வெக்ஷன் மைக்ரோவேவைக் காட்டுவார்கள். சொந்தக்காரர் ஒருவர் 'குக்கரிலேயே அருமையாக வரும், எதற்கு வெட்டிச் செலவு' என்பார். சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால், மாடுலர் கிச்சன்காரர் சுவரோடு பொருத்தும் பெரிய ஓவனின் படத்தை நீட்டுவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் தொடங்கி பொங்கல் வரை கேக், பிஸ்கட், ரொட்டி என்று சுடப்போகும், நான்கைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 28 முதல் 35 லிட்டர் வரையிலான ஓடிஜிதான் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) சரி. ஆனால் அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன் சமையலறையில் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும்: ஓவனுக்கென்று ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், மேடையில் அதற்கென்று நிலையான ஓர் இடம். இவை இல்லாத வீட்டில் எந்த ஓவன் வந்தாலும் ஜனவரியில் அட்டைப்பெட்டிக்குள் புகுந்து பரணில் ஏறிவிடும். பிறகு யாரும் இறக்குவதில்லை.

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். 30 லிட்டர் ஓடிஜி ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் சூடேறும்போது 2,000 வாட்டைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே இரண்டுமே தடித்த முனைகள் கொண்ட 16 ஆம்பியர் பிளக்கோடு வருகின்றன. அது சின்ன பாயின்ட்டில் நுழையாது என்றதும் கடைத்தெருவில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடும். பிளம் கேக்குக்கு ஓவன் ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். அத்தனை நேரமும் மெல்லிய வயர் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும்.

பழைய ஃபிளாட்டுகளில் சமையலறைக்கு ஒரே ஒரு பெரிய பாயின்ட்தான் இருக்கும், அதையும் ஃபிரிட்ஜோ கிரைண்டரோ பிடித்துவைத்திருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) போட்டு, எர்த் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஓவனின் உடம்பு முழுக்க உலோகம். எர்த் இல்லாத வீட்டில் ஈரக்கையோடு அதைத் தொடுவது ஆபத்து. மழைக்காலத்தில் சமையலறைத் தரை எப்போது காய்ந்திருக்கிறது? போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் இதே கையோடு போட்டுவிடலாம். வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியாதுதான். ஆனால் சுவருக்கு மேலேயே பிளாஸ்டிக் கேசிங் ஓட்டி வயர் கொண்டுவரலாம், காலி செய்யும்போது கழற்றிவிடலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம் இடம். நம் சமையல் மேடைகள் பெரும்பாலும் இரண்டடி அகலம், அதாவது சுமார் 60 சென்டிமீட்டர். 30 லிட்டர் ஓடிஜி 40 சென்டிமீட்டர் ஆழம் எடுக்கும். பின்பக்கமும் இரண்டு பக்கங்களிலும் நாலு விரற்கடையாவது காற்று போக இடம் விட வேண்டும், ஏனென்றால் இதன் வெளிச்சுவர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். கதவு கீழ்நோக்கித் திறக்கும். திறந்த கதவு மேடை விளிம்பைத் தாண்டி வரும் என்பதால் முன்னால் நின்று டின்னை இழுக்கவும் வழி வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கேஸ் டியூப் போகும் பாதையில் வைக்கவே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றுவதும் கூடாது. இரண்டு கிலோ கொதிக்கும் கேக்கைக் கண்ணுக்கு மேலிருந்து இறக்குவது விபத்துக்கு நாள் குறிப்பது. இடம் கிடைக்காவிட்டால் மேடையில் இருக்கும் பாத்திரக் கூடையைச் சுவருக்கு மாற்றுங்கள், அல்லது உறுதியான இரும்பு ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி ஓவனைத் தனியாக நிறுத்துங்கள். மாடுலர் அலமாரிக்குச் செய்யும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

இப்போது ஓவன்களுக்கு வருகிறேன்.

குக்கரில் கேக் செய்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஏகப்பட்ட பேர் கேக் சுடக் கற்றது அதில்தான். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு அங்குலம் மணலோ கல் உப்போ பரப்பி, அதன் மேல் ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்றி, டின்னை இறக்கி, சிம்மில் நாற்பது ஐம்பது நிமிடம். ரவை கேக், சாதாரண வெனிலா கேக் எல்லாம் நன்றாகவே வரும். மின்வெட்டு பற்றிய கவலையும் இல்லை. ஆனால் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. மேல்பக்கம் வெந்திருக்கும், சிவக்காது; பிஸ்கட் அடியில் கருகி மேலே வெளுத்து நிற்கும். ஆறேழு அங்குல டின்னுக்கு மேல் நுழையாது. ஒரு கிலோ பிளம் கேக்கை ஒன்றரை மணி நேரம் இந்த அடிச்சூட்டில் வைத்தால் அடியில் இருக்கும் பழங்களின் சர்க்கரை கசக்கத் தொடங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் காய்ந்த குக்கரைத் திரும்பவும் பருப்பு வேகவைக்க எடுக்காதீர்கள். உலோகம் நெளிந்திருந்தால் பிரஷரில் அது காட்டிக்கொடுக்கும். கேக்குக்கென்றே ஒரு பழைய கனத்த குண்டானை ஒதுக்கிவைப்பது நல்லது. கேக் பழக்கம் பிடிக்குமா என்று பார்க்க நினைப்பவர்களுக்கு, ஒரு சீசன் இதிலேயே ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சிலர் மறந்துவிட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. மாவை வீட்டில் கலந்து, டின்னில் ஊற்றி, பக்கத்து பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவது. விறகடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகள் இருக்கிற ஊர்களில் கேட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலும் பேக்கரிப் போறணைக்கு (ரொட்டி சுடும் அடுப்புக்கு) கேக் தட்டு அனுப்பும் வழக்கம் இருந்தது. செங்கல் அடுப்பின் அடங்கிய சூடு பழக்கேக்குக்கு அவ்வளவு பொருத்தம்: காற்று வீசாது, மேலும் கீழும் ஒரே அளவில் காயும், நேரம் ஆக ஆக மெல்லத் தணியும். பத்துப் பதினைந்து கிலோ செய்து சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுக்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஒரே தடங்கல், கிறிஸ்துமஸ் வாரத்தில் பேக்கரிக்காரருக்கே அடுப்பில் இடம் இருக்காது. டிசம்பர் முதல் வாரத்திலேயே பேசிவைத்து, கூட்டம் குறைவான நேரத்தில் கொண்டுபோக வேண்டும். பழக்கேக் நாள்பட நாள்படத்தான் ருசி கூடும் என்பதால் முன்கூட்டிச் சுடுவதில் நஷ்டமில்லை.

அந்தச் செங்கல் அடுப்பின் குணத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டு ஓவன்களைப் பார்த்தால் முடிவு எளிதாகிவிடுகிறது.

ஓடிஜியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கம்பிகள் பழுத்துச் சூடு தருகின்றன. காற்றாடியை நிறுத்திவைக்கலாம், மேல் கம்பி மட்டும், கீழ்க் கம்பி மட்டும் என்றும் மாற்றலாம். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் காற்றாடிதான் எல்லாம். சூடான காற்றைச் சுழற்றி அடித்தே அது சுடுகிறது. பெரும்பாலான மாடல்களில் அடியில் கம்பியே இல்லை. கேக்கின் மேல்பக்கம் சீக்கிரம் இறுகிவிடுகிறது, உள்ளே இன்னும் இளகியிருக்கும் மாவு எழும்பி அதைப் பிளக்கிறது. நடுவில் கூம்பி வெடித்த கேக்குகள் வருவது இதனால்தான். சின்னக் கேக்கில் வெப்பத்தை 10, 20 டிகிரி குறைத்துச் சமாளித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் நிற்கும் பிளம் கேக்கிலோ, ரவையும் முந்திரியும் பன்னீரும் போட்டு இலங்கையில் செய்யும் லவ் கேக்கிலோ அந்தக் காற்று ஓயாமல் மேலே பட்டுக்கொண்டே இருக்கும். ஃபாயில் மூடி காப்பாற்ற வேண்டியிருக்கும். ஓடிஜியில் 150 டிகிரி வைத்து, டின்னைக் கீழ்த் தட்டில் நிறுத்தி, பக்கங்களில் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர் போட்டுவிட்டால் மெதுவாகத் தானே வேகும்.

டின்னின் வடிவமும் முக்கியம். மைக்ரோவேவில் தட்டு சுழல்கிறது. 8 அங்குலச் சதுர டின்னின் மூலைக்கு மூலை நீளம் 11 அங்குலத்துக்கு மேல் போகும். சுழலும்போது சுவரில் இடிக்காமல் இருக்க உள் அகலம் அதைவிடக் கூடுதலாக வேண்டும். நீளமான ரொட்டி டின்னுக்கும் இதே சிக்கல். வட்ட டின் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பரவாயில்லை. ஓடிஜியில் எதுவும் சுழலாது, நுழைந்தால் சரி. பிஸ்கட் தட்டும் நீளச் சதுரமாக இருப்பதால் ஒரே தடவையில் கூடுதலாக அடுக்கலாம். கிறிஸ்துமஸுக்கு நெய் பிஸ்கட் நூறு போட வேண்டும் என்றால் இந்த வித்தியாசம் ஒரு மாலைப்பொழுதையே மிச்சப்படுத்தும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. வெப்பத்தை எண்ணில் வைக்கலாம், அது அதிகம் ஏறி இறங்காது. தூத்துக்குடி மக்ரூன் மாதிரி முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்த பண்டம் வேகுவதைவிட உலர வேண்டியது. 100 டிகிரி பக்கத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். அந்தக் குறைந்த சூட்டில் ஓடிஜியின் திருகு கொஞ்சம் தடுமாறும், மைக்ரோவேவ் நிதானமாக நிற்கும். சில மாடல்களில் மாவு புளிக்க வைக்கிற 40 டிகிரி வசதியும் இருக்கிறது, மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க மறுக்கும்போது கைகொடுக்கும். (ஓடிஜியில் விளக்கு இருந்தால், அதை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தாலும் ஓரளவு பொங்கும்.) தினமும் சாப்பாடு சூடுபண்ணுவது கூடுதல் லாபம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய் வேறுவேறு நேரத்தில் சாப்பிடுகிறீர்கள், கேக் மாதம் ஒன்றிரண்டுதான் என்றால் இதையே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும்: கன்வெக்ஷன் மட்டும் ஓடும்போது உலோக டின் வைக்கலாம், மைக்ரோவேவோ இரண்டும் கலந்த முறையோ ஓடும்போது வைக்கக் கூடாது. கேக் எடுத்த சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்தால் அது உருகும்.

விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஓரளவு நல்ல கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஒன்றுக்கு ஆகும் பணத்தில், வெறும் சூடுபண்ணும் சாதாரண மைக்ரோவேவ் ஒன்றும் ஓடிஜி ஒன்றும் ஏறக்குறைய வாங்கிவிடலாம். இடம் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது அந்த ஜோடிதான். ஒன்று பழுதானால் மற்றது ஓடும். ஓடிஜியில் கெட்டுப்போவதும் பெரும்பாலும் கம்பி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், டைமர் அவ்வளவுதான். பக்கத்துத் தெரு மெக்கானிக்கே மாற்றித் தருவார். மைக்ரோவேவின் சர்க்யூட் போர்டு போனால் கம்பெனி ஆள் வர வேண்டும், புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்றும் அளவுக்குச் செலவு வரும்.

ஏர் ஃபிரையரில் கேக் என்று இப்போது நிறைய வீடியோக்கள் வருகின்றன. இருவர் உள்ள வீட்டில் ஆறு கப் கேக்குக்கு அது போதும். காற்று மிக வேகமாக அடிப்பதால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்துவிடும், பழக்கேக்குக்கு அது ஆகாது.

சுவரோடு பொருத்தும் ஓவன் 60 சென்டிமீட்டர் அகலம், 65, 70 லிட்டர் கொள்ளளவு. பார்க்க அழகு, உயரம் இடுப்புக்கு வருவதால் முதுகு வளையாது, இரண்டு தட்டு பிஸ்கட் ஒன்றாகச் சுடலாம். ஆனால் 8 அங்குலக் கேக் ஒன்றுக்காக அத்தனை பெரிய அறையைச் சூடேற்ற வேண்டும், ஓவன் விலையோடு அலமாரி விலையும் சேரும். வாரம் தவறாமல் சுடுகிறவர்களுக்கும் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்களுக்கும் அது நியாயமான செலவு. மற்றவர்களுக்கு என் யோசனை: சமையலறையைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் ஓவனை வாங்காதீர்கள், அதற்கான வயரை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைனும் எம்சிபியும் வைத்துவிட்டால், ஐந்து வருஷம் கழித்து மனசு மாறினாலும் சுவரை உடைக்க வேண்டாம்.

கரண்ட் பில் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் முழுக்க எரிந்தால் ஒன்றரை யூனிட். ஆனால் சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கம்பியை அணைத்து அணைத்துப் போடும்; ஆகவே ஒரு சாதாரணக் கேக்குக்கு ஒரு யூனிட் பக்கம்தான் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட் அடுக்குகளின் விலையும் சேர்ந்து ஏறும். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி டிசம்பரில் ஏசி ஓடாததால் மிச்சமாவதில் பாதிகூட கேக்குக்குப் போகாது.

பெரிய தலைவலி மின்வெட்டு. நம் கேக் மாதமும் புயல் மாதமும் ஒன்றே. 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு இன்வெர்ட்டர் ஓவனைத் தாங்காது. பாதி வெந்த கேக்கோடு கரண்ட் போனால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கதவைத் திறக்காதீர்கள். முக்கால் பங்கு வெந்துவிட்டிருந்தால் உள்ளே தங்கிய சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். வைத்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தால் அமுங்கிப்போகும், வேறு வழியில்லை. அதனால் பெரிய பிளம் கேக்கை மழை கொட்டும் ராத்திரியில் தொடங்காமல், வானம் வெளுத்த ஒரு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் ஊராக இருந்தால் அடியில் கேஸ் ஓவன் வைத்த அடுப்பைப் பற்றி யோசிக்கலாம். இடம் நிறைய எடுக்கும், மெக்கானிக் கிடைப்பது கஷ்டம், ஆனால் நின்றுபோகாது.

ஓடிஜி என்று முடிவானால் கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் வழக்கமான டின்னைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். கேக் எழும்பிய பிறகும் மேல் கம்பிக்கும் அதற்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். 16, 18 லிட்டர் ஓவன்களில் இந்த உயரம் கிடைக்காது, மேலே கருகிவிடும். 28 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். மேல், கீழ் கம்பிகளைத் தனித்தனியே போட முடிகிறதா, டைமர் 60 நிமிடத்தோடு நின்றுவிடாமல் தொடர்ந்து எரியும் நிலை இருக்கிறதா, உள்ளே விளக்கு உண்டா, கதவு இழுத்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கோழி சுழற்றும் கம்பிக்கு ஆசைப்பட்டுக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரும் ஒரு டிஜிட்டல் தராசும் வாங்குங்கள். திருகில் 180 என்று இருந்தாலும் உள்ளே 165 இருக்கலாம், 200 இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கேக் மாவைக் கரைக்க அவசரப்படாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, காலியாகவே அதிகச் சூட்டில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். கம்பியில் பூசியிருக்கும் எண்ணெய் புகைந்து போய்விடும். ஆறிய பிறகு கம்பித் தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்கி, 180 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் உங்கள் ஓவனின் வரைபடமே அதில் இருக்கும்: பின்பக்க மூலை நன்றாகச் சிவந்திருக்கும், கதவுப் பக்கம் வெளுத்திருக்கும். எந்தப் பக்கம் சூடு கூட என்று தெரிந்துவிட்டால் பாதி நேரத்தில் டின்னைத் திருப்பி வைத்துவிடலாம். முதலில் ஒரு தட்டு நெய் பிஸ்கட், அப்புறம் ஒரு சாதாரண வெனிலா கேக், அதற்குப் பிறகு பிளம் கேக். இந்த ஒத்திகைக்கெல்லாம் நாள் வேண்டும் என்பதால் எலக்ட்ரீசியனை ஐப்பசியிலேயே கூப்பிட்டுவிடுங்கள். கார்த்திகை பிறப்பதற்குள் ஓவன் மேடையில் உட்கார்ந்திருக்கட்டும்.